ரயில் பெற்ற காகிதம்

1634ஆம் ஆண்டு. திருமலைக்குப் போனவர்கள் அலிபிரிப் படிகளில் நடந்தே ஏறினார்கள். கால் ஒத்துழைக்காதவர்களுக்கு டோலி இருந்தது. மலைக்குக் கீழே சந்திரகிரியில் விஜயநகர வம்சத்தின் கடைசி ராயர்கள் ஆட்சியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அடங்கிய நாயக்கர் ஒருவர் கடலோர மணல்வெளி ஒன்றை ஆங்கிலேய வியாபாரிகளுக்கு எழுதிக் கொடுக்கவும், அந்த மணல் பிற்பாடு சென்னைப் பட்டணம் ஆகவும் இன்னும் ஐந்தாண்டுகள் இருந்தன. அந்த வியாபாரிகளின் தாய் ஊரான லண்டனில் அந்த ஆண்டு ஒரு தெருச் சண்டை தொடங்கியது. சித்தூர் மாவட்டத்துக்கும் அதற்கும் முடிச்சு விழும் என்று சொன்னால் அன்று ஒருவரும் நம்பியிருக்கமாட்டார்.

பெய்லி என்ற ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் அதைத் தொடங்கிவைத்தார். அதுவரை வாடகைக் குதிரை வண்டிகள் சத்திரங்களின் முற்றத்தில் கிடந்தன. வேண்டியவர்கள் தேடிப்போக வேண்டும். கேப்டன் நான்கு வண்டிகள் வாங்கினார், ஓட்டுபவர்களுக்குச் சீருடை போட்டார், எந்தப் பேட்டைக்கு எவ்வளவு என்று கட்டணம் நிர்ணயித்தார், ஸ்ட்ராண்ட் தெருவில் இருந்த பெரிய கம்பத்தடியில் வண்டிகளை வரிசையாக நிறுத்தினார். உலகின் முதல் டாக்சி ஸ்டாண்ட் இதுதான் என்று சொல்வார்கள். மற்ற வண்டிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அதே இடத்துக்கு, அதே கட்டணத்துக்கு வந்து குவிந்தார்கள். சில நேரம் ஒரே சமயத்தில் இருபது வண்டிகள் நின்றன. கேப்டனுக்கு நஷ்டமோ என்னவோ, வயிறு எரிந்தது வேறொரு கூட்டத்துக்கு.

தேம்ஸ் நதியில் படகோட்டிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். லண்டன்வாசிகள் ஊருக்குள் போய்வரப் படகைத்தான் நம்பியிருந்தார்கள். அந்தப் படகோட்டிகளில் ஒருவர் கவிஞர். ஜான் டெய்லர் என்று பெயர். சக்கரம் வைத்த வண்டிகளைத் திட்டி அவர் ஏற்கெனவே ஒரு புத்தகமே போட்டிருந்தார். தெரு நெரிசல், அரசரின் வழியில் தொல்லை, கற்கள் பெயர்கின்றன என்று புகார்கள் கூடின. 1636இல் அரசர் முதலாம் சார்லஸ் உத்தரவிட்டார்: ஊரைவிட்டு மூன்று மைலாவது வெளியே போகிறவர் தவிர வேறு எவரும் வாடகை வண்டியில் ஏறக் கூடாது. ஊருக்குள் ஓடத்தான் வாடகை வண்டியே பிறந்தது. அதை ஊருக்குள் ஓடாதே என்றார் அரசர். உத்தரவு சுவரில் தொங்கியது, வண்டிகள் தெருவில் ஓடின. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அரசரின் தலையே போய்விட்டது.

அவருக்குப் பின் வந்த கிராம்வெல் வேறு வழி பிடித்தார். தடுக்க முடியாவிட்டால் எண்ணிவிடுவது. 1654 ஜூனில் ஒரு சட்டம் வந்தது. லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் வாடகை வண்டி வைத்திருப்போர் 200 பேர், வண்டிகள் 300, குதிரைகள் 600. அதற்குமேல் ஒன்றும் கிடையாது. அந்த 200 பேரும் ஒரு சங்கமாகத் தங்களைத் தாங்களே நிர்வகித்துக்கொள்ளலாம். வெளியே நின்ற 201ஆவது ஆள் என்ன செய்வார் என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை.

பதிலைத் தெரு எழுதியது. எண்ணிக்கைக்கு வெளியே ஓடியவர்களைப் பிடிக்க ஆள் போட்டார்கள். பிடிபட்டவர்கள் மறுநாளே ஓட்டினார்கள். வரம்பு 1662இல் 400, 1694இல் 700 என்று ஏறியது. 700 ஆனபோது 21 ஆண்டுக்கு 50 பவுண்டு கட்டி உரிமம் வாங்க வேண்டியிருந்தது. ஒருவரைச் சாலையில் விடாமல் தடுப்பதில் வருமானம் இருக்கிறது என்பதை அரசு கண்டுகொண்ட கணம் அது. இப்படி நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்து, 1831இல் கொண்டுவந்த சட்டத்தால் லண்டன் அந்த எண்ணிக்கை வரம்பைக் கைவிட்டது. வண்டி தரமாக இருக்கிறதா, ஓட்டுகிறவர் யோக்கியரா என்று மட்டும் பார்த்தால் போதும் என்ற முடிவுக்கு வந்தார்கள். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு நூற்றாண்டு கழித்து, அதே யோசனை வேறொரு வாசல் வழியாக, வேறொருவரின் கண்ணீரோடு திரும்பி வந்தது.

இந்தமுறை கண்ணீர் விட்டது ரயில்.

இந்தியாவில் மோட்டார் வண்டிக்கு முதல் அகில இந்தியச் சட்டம் 1914இல் வந்தது. சின்னஞ்சிறு சட்டம். வண்டியைப் பதிவு செய், ஓட்டுகிறவன் லைசென்ஸ் வாங்கு, கண்மண் தெரியாமல் ஓட்டாதே, அவ்வளவுதான் அதன் சாரம். எத்தனை வண்டி ஓடலாம், எங்கே ஓடலாம் என்பது பற்றி அதற்குப் பெரிய கவலை இல்லை. முதல் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்க ஃபோர்டுகளும் செவர்லேக்களும் மலிவாக வந்து இறங்கின. கையில் கொஞ்சம் நிலமும் நகையும் இருந்தவர்கள் அவற்றை வைத்து ஒரு வண்டி வாங்கினார்கள். மரத்தில் ஒரு கூண்டு கட்டினால் பஸ், கட்டாவிட்டால் வாடகைக் கார். சென்னை மாகாணம் முழுவதும் ஒற்றை வண்டி முதலாளிகள் முளைத்தார்கள். சாலைகளோ பல இடங்களில் ரயில் பாதைக்குப் பக்கத்திலேயே போயின. காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி போகும் மீட்டர் கேஜ் பாதையையே எடுத்துக்கொள்ளலாம். அதை ஒட்டிச் சாலையும் உண்டு. ரயில் ஸ்டேஷனில் மட்டும் நிற்கும். மோட்டார் கை காட்டிய இடத்தில் நிற்கும். கட்டணத்தைப் பேசியும் குறைக்கலாம். ஜனங்கள் எதில் ஏறுவார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஆனால் அரசு ஆராய்ச்சிதான் செய்தது.

1929இல் உலகப் பொருளாதாரம் கவிழ்ந்தது. சரக்குக் குறைந்து, பயணிகள் குறைந்து, ரயில்வேயின் கணக்கில் ஓட்டை விழுந்தது. ரயில்வே சாதாரண வியாபாரம் இல்லை. அதில் பிரிட்டிஷ் முதலீடு கொட்டிக்கிடந்தது, அரசின் வட்டிப் பொறுப்பும் கூடவே இருந்தது. மந்தநிலையைத் திட்டி என்ன பயன்? கண்ணுக்குத் தெரிந்த எதிரி சாலையில் புழுதி கிளப்பிக்கொண்டு போனான். 1932இல் மிட்செல், கிர்க்னெஸ் என்ற இரண்டு அதிகாரிகளை நாடு சுற்றிப் பார்த்துவர அனுப்பினார்கள். ஒருவர் சாலைத் துறைக்காரர், மற்றவர் ரயில்வேக்காரர். மோட்டார் போட்டியால் ரயில்வேக்கு ஆண்டுக்கு சுமார் 190 லட்சம் ரூபாய் நஷ்டம் என்று கணக்குப் போட்டுத் திரும்பினார்கள். அந்தக் காலத்து 190 லட்சம். டெல்லியிலும் சிம்லாவிலும் நாற்காலிகள் அசைந்தன.

1933 ஏப்ரலில் சிம்லாவில் சாலை-ரயில் மாநாடு கூடியது. 1936இல் இங்கிலாந்திலிருந்து சர் ரால்ஃப் வெட்ஜ்வுட் வரவழைக்கப்பட்டார். அவரே அங்கே ஒரு ரயில் கம்பெனியின் தலைமை நிர்வாகி. ரயில்வேயின் நோய்க்கு மருந்து கேட்க ரயில்வேக்காரரையே கூப்பிட்டால் சீட்டில் என்ன எழுதுவார்? சாலைக்குக் கட்டுப்பாடு போதவில்லை என்றுதான். மருந்துக்கு மாதிரியும் தயாராக இருந்தது. இங்கிலாந்தின் 1930ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம், புதிதாக பஸ் விட வருகிறவர் 'இந்த வழியில் இன்னொரு வண்டி தேவையா' என்ற கேள்வியைத் தாண்டியே வரவேண்டும் என்று வைத்திருந்தது. ஏற்கெனவே ஓட்டுகிறவர்களும் ரயில் கம்பெனிகளும் அங்கே எழுந்து நின்று ஆட்சேபிக்கலாம். கிராம்வெல்லின் 201ஆவது ஆள் மறுபடியும் வாசலில் நின்றார், இந்தமுறை கோட்டுப் போட்டுக்கொண்டு.

இதே நேரம் அட்லாண்டிக்குக்கு அப்பால் நியூயார்க்கிலும் அதே நாடகம். வேலை இழந்தவர்களெல்லாம் டாக்சி ஓட்ட வந்தார்கள். வண்டி அதிகம், சவாரி குறைவு, தெருச்சண்டை, 1934இல் வேலைநிறுத்தம். 1937இல் மேயர் லாகார்டியா கையெழுத்திட்ட ஹாஸ் சட்டம் 13,595 வண்டிகளுக்கு மட்டும் உரிமத் தகடு என்று நிறுத்தியது. தகட்டின் விலை பத்து டாலர். போருக்குப் பின் அது 11,787 ஆகச் சுருங்கி, ஐம்பது ஆண்டுகள்போல் அப்படியே உறைந்தது. பத்து டாலர் தகடு 2014 வாக்கில் பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டுத் தடாலென்று விழுந்தது. அது வேறு பெரிய சோகக்கதை, சித்தூருக்குத் திரும்பலாம்.

சித்தூரில் அப்போது விசித்திரமான அமைதி நிலவியது. 1937இல் சென்னை மாகாணப் பிரதமராக வந்த ராஜாஜி, முதலில் தன் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1938 அக்டோபரில் அது சித்தூருக்கும் கடப்பைக்கும் வந்தது. கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடிக்கிடந்த அந்த மாவட்டத்துக்கு அடுத்த ஆண்டே இன்னொரு சட்டம் வந்து சேர்ந்தது. இதற்கும் ராஜாஜிக்கும் நேரடிச் சம்பந்தமில்லை. டெல்லியில் மத்திய சட்டசபை நிறைவேற்றியது. ஆனால் 1939 ஜூலை 1ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தபோது மாகாணத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். இருபது ஆண்டுகள் கழித்து இந்தத் தேதி அவரைப் பார்த்துச் சிரிக்கப்போகிறது.

1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் நான்காம் அத்தியாயத்தில்தான் விஷயம் இருந்தது. வாடகைக்கு ஓடும் வண்டி எதுவானாலும் இனி பதிவும் லைசென்ஸும் போதாது. தனியாக ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும். அதை வழங்க ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு போக்குவரத்து ஆணையம். சாலையையும் ரயிலையும் இசைவிக்கவும், மோட்டார்களுக்குள் கட்டுப்படியாகாத போட்டியைத் தடுக்கவும் மாகாண அரசுக்கு அதிகாரம். வழியில் ஆள் ஏற்றி இறக்கும் பஸ் ஒரு ஜாதி, அது 'ஸ்டேஜ் கேரேஜ்'. மொத்தமாகப் பேசி எடுத்துப்போகும் வண்டி இன்னொரு ஜாதி, 'கான்ட்ராக்ட் கேரேஜ்'. டாக்சி இரண்டாவது ஜாதியில் சேர்ந்தது. சட்டம் எழுதியவருக்கு இந்திய வழக்கம் தெரிந்திருந்தது போலும். பயணிகளிடம் ஆளுக்குத் தனித்தனியாகக் காசு வாங்கினாலும் சிறிய டாக்சி டாக்சிதான் என்று ஒரு வாலையும் சேர்த்துவைத்தார். பின்னாளில் ஷேர் டாக்சிக்காரர்களின் வயிற்றைக் காத்த வால் அது.

ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான வரி ஐம்பதாவது பிரிவில் ஒளிந்திருந்தது. ஒருவர் டாக்சி ஓட்ட விண்ணப்பித்தால், ஆணையம் பொதுநலனுக்கு இன்னொரு வண்டி தேவையா என்று பார்க்க வேண்டும். அது சரி. கூடவே, அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே அனுமதி வைத்திருப்பவர்கள் 'இருக்கிற வண்டிகளே போதும், கொஞ்சம் அதிகம்கூட' என்று முறையிட்டால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவரைக் கேட்டுவிட்டுத்தான் வாசற்கதவைத் திறக்க வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டது. ரயிலைக் காப்பாற்றக் கொண்டுவந்த சட்டம், முதல் நாளே டாக்சிக்காரனை டாக்சிக்காரனிடமிருந்து காப்பாற்றத் தொடங்கியது. அந்த அனுமதிச் சீட்டுக்குப் பெயர் பர்மிட்.

பர்மிட் பிறந்த இரண்டு மாதத்தில் உலகப்போர் பிறந்தது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ்களின் பின்னால் அடுப்பைப்போல ஒரு கொள்கலனைக் கட்டிக் கரி எரித்து, அந்த வாயுவில் வண்டி ஓட்டினார்கள். பர்மிட் இருந்தது, எண்ணெய் இல்லை. இந்த நெருக்கடிக்கு நடுவில்தான் 1944 ஏப்ரல் 10ஆம் தேதி சென்னை கவர்னர் சர் ஆர்தர் ஹோப் திருமலைக்கு முதல் மலைச்சாலையைத் திறந்துவைத்தார். 19 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவுகள். படியும் டோலியும் மட்டும் அறிந்த மலைமேல் மோட்டார் சத்தம் முதன்முதலில் கேட்டது. ரயில் ஏறவே முடியாத இடம் அது. போட்டி போட ரயிலே இல்லாத ஒரு சாலைக்கு, ரயிலைக் காக்கப் பிறந்த காகிதம் வேண்டியிருந்தது. இந்த அபத்தத்தை அன்று யாரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. வேலை மும்முரத்தில் இதையெல்லாம் யார் யோசிப்பார்கள்?

திருப்பதிக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல ஒரு ஓட்டையும் சட்டத்தில் இருந்தது. 62ஆவது பிரிவு. சந்தைக்கும் மத விழாக்களுக்கும் ஜனங்களை ஏற்றிச் செல்ல, நான்கு மாதத்துக்கு மேற்படாத தற்காலிக பர்மிட் கொடுக்கலாம். பிரம்மோற்சவமும் புரட்டாசிச் சனியும் இருக்கிற ஊரில் தற்காலிகம் எது, நிரந்தரம் எது? கூட்டம் வரும் மாதத்தில் கதவு கொஞ்சம் திறந்தது, போனதும் சாத்தியது.

அடுத்த திருப்பம் வரைபடத்திலிருந்து வந்தது. 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் முழுதும் அங்கே போனது. ம.பொ.சி. திருப்பதிக்காகவும் திருத்தணிக்காகவும் போராடினார். நடுவர் படாஸ்கர் தீர்ப்புப்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது, திருப்பதி திரும்பவில்லை. அரசியல் ஒருபக்கம் கிடக்கட்டும். டாக்சிக்காரருக்கு என்ன ஆயிற்று? சென்னையிலிருந்து திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி அதே சாலைதான். ஆனால் ஒரு வட்டாரத்தில் வாங்கிய பர்மிட் இன்னொரு வட்டாரத்தில் செல்ல, அங்கே உள்ள ஆணையம் அதில் எதிர்க்கையெழுத்துப் போட வேண்டும் என்பது 63ஆவது பிரிவு. மாநிலம் தாண்டினால் இரண்டு அரசுகளும் பேசி உடன்பாடு செய்ய வேண்டும், இரண்டு பக்கமும் வரி கட்ட வேண்டும். திருத்தணிக்கும் நகரிக்கும் நடுவில் ஒரு கோடு விழுந்தது. பெருமாளுக்கு முடிகொடுக்கப் போகிற குடும்பம் காரில் தூங்கிக்கொண்டிருக்க, ஓட்டுநர் செக்போஸ்டில் இறங்கிக் காகிதங்களை நீட்டத் தொடங்கினார்.

காகிதத்துக்கு விலை ஏறியது. சட்டப்படி பர்மிட்டை ஆணையத்தின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. பர்மிட்காரர் இறந்தால் வண்டியை அடைந்த வாரிசு மூன்று மாதம் ஓட்டலாம். அதற்குள் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த விதிகளை ஒட்டி ஒரு தனி உலகமே உருவானது. பேப்பரில் ஒருவர் பெயர், ஸ்டியரிங்கில் இன்னொருவர் கை. பஸ் தொழிலில் இது உச்சத்துக்குப் போனது: ரூட்டை வைத்துக்கொண்டு வண்டியை மாற்றினார்கள், ரூட்டைத் தங்கள் சொத்தாகவே பேசினார்கள். 1954இல் உத்தரப்பிரதேசத்து வழக்கு ஒன்றில் உச்சநீதிமன்றம், பொதுச்சாலையில் வண்டி ஓட்டித் தொழில் செய்வது குடிமகனின் உரிமை, அரசு தயவால் தருவதல்ல என்ற பொருளில் தீர்ப்புச் சொன்னது. அது காதில் விழுந்தது. ஆனால் ஆபீஸ் வராந்தாவில் வரிசை குறையவில்லை.

1959இல்தான் அந்தப் பழைய தேதி சிரித்தது. ராஜாஜி சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். நேருவின் பொருளாதாரத்தைத் தாக்க அவர் கண்டெடுத்த ஆயுதம் 'பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்' என்ற வசவு. அந்த வசவின் முதல் வார்த்தை மாகாணமெங்கும் அமலுக்கு வந்தது அவருடைய ஆட்சிக்காலத்தில்தான்! கட்சியில் அவருக்கு வலதுகரமாக இருந்தவர் மினூ மசானி. அதே காலத்தில், சாலைப் போக்குவரத்தைச் சீர்திருத்த மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவரும் அதே மசானி. சாலையின் கழுத்தைப் பிடித்திருக்கும் கையைக் கொஞ்சம் தளர்த்துங்கள் என்ற பக்கமே அவர் குழு சாய்ந்தது. அறிக்கை அலமாரிக்குப் போயிற்று. தளர்த்த இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின.

அதற்குள் திருமலைக்கு இரண்டாவது மலைச்சாலையும் வந்துவிட்டது. 1970களின் நடுவிலிருந்து ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று. தேவஸ்தானமே நடத்திவந்த மலைப் பஸ்களும் ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கைக்கு மாறின. கூட்டம் பல மடங்கு பெருத்தது. பர்மிட் சட்டமோ அதே 1939.

கடைசியில் 1988இல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்த நாள் 1989 ஜூலை 1. பழைய சட்டம் பிறந்த நாளுக்குச் சரியாக ஐம்பது ஆண்டு. யாராவது வேண்டுமென்றே தேதி பார்த்தார்களா தெரியாது, ஆனால் உள்ளே செய்திருந்த வேலை துணிச்சலானது. பர்மிட் கேட்பவருக்கு ஆணையம் சாதாரணமாக மறுக்கக் கூடாது என்று 80ஆவது பிரிவு சொன்னது. ஏற்கெனவே ஓட்டுகிறவர்கள் 'போதும்' என்று முறையிடும் அந்தப் பழைய வரி காணாமல்போனது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் பதறிப்போய் உச்சநீதிமன்றத்துக்கு ஓடினார்கள்.

மிதிலேஷ் கர்க் என்பவர் பெயரில் அறியப்படும் வழக்கு அது. வந்தவர்கள் உத்தரப்பிரதேசத்து பஸ் முதலாளிகள். புதியவர்கள் வந்தால் எங்கள் வருமானம் குறையும், எங்கள் தொழில் உரிமை பாதிக்கப்படும் என்பது அவர்கள் வாதம். 1991இல் நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு அதைச் சுக்குநூறாக்கியது. தொழில் செய்யும் உரிமை உண்டு, போட்டியில்லாமல் தொழில் செய்யும் உரிமை கிடையாது. 1654இலிருந்து வாசலில் நின்றுகொண்டிருந்த 201ஆவது ஆளுக்கு ஒரு நீதிமன்றம் நாற்காலி போட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆள் உட்காரும் முன்பே நாற்காலியின் ஒரு காலை யாரோ பிடித்திழுத்தார்கள்.

புதிய சட்டத்தின் 74ஆவது பிரிவில் ஒரு விலக்கு இருந்தது. மத்திய அரசு சொன்னால், மாநில அரசு ஒரு நகரத்தில் ஓடும் வாடகை வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கலாம். நிபந்தனை ஒன்றுதான்: அந்த ஊரின் மக்கள்தொகை ஐந்து லட்சத்துக்குக் குறையக் கூடாது. வரம்பு என்ன செய்யும் என்பதற்கு டெல்லி உதாரணம். 1997இல் புகையைக் குறைக்க உச்சநீதிமன்றம் அங்கே ஆட்டோக்களின் எண்ணிக்கையை நிறுத்திவைத்தது, நோக்கம் நல்லது. பர்மிட் ஃபைனான்சியர்களின் பெட்டிக்குள் போனது, அதன் விலை ஆட்டோவின் விலையைத் தாண்டியது, 2011இல் நீதிமன்றமே வரம்பை ஒரு லட்சமாக உயர்த்தியது.

திருப்பதி? இங்கேதான் சட்டத்தின் கணக்கு வேடிக்கையாகிறது. 2011 கணக்கெடுப்பில் சுற்றுப்புறங்களையும் சேர்த்தால்கூட திருப்பதி ஐந்து லட்சத்தைத் தொடவில்லை. சித்தூரோ இரண்டு லட்சத்துக்கும் கீழே. ஆகவே சட்டத்தின் கண்ணில் இரண்டுமே சிறிய ஊர்கள். எண்ணிக்கை வரம்புக்கு இடமில்லாத ஊர்கள். ஆனால் திருப்பதியில் டாக்சி பிடிப்பவர் திருப்பதிக்காரரா? ஒரு நாளைக்கு அறுபது, எழுபதாயிரம் பேர் வந்து போகிற ஊரில், கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டி எண்ணுவது உள்ளூர்க்காரர்களை மட்டும். வந்தவர்கள் மறுநாள் ரயிலில் போய்விடுகிறார்கள். அந்தக் கணக்குப் பிழையால்தான் திருப்பதியின் டாக்சிக்கு டெல்லி ஆட்டோவின் கதி வரவில்லை என்பது என் எண்ணம். இங்கே பர்மிட் வரிசையில் நிற்பவர் வாங்கக்கூடியதாக இருக்கிறது. பிடுங்குவது வரி, இன்ஷூரன்ஸ், தகுதிச் சான்று, பக்கத்து மாநிலத்துச் செலவு.

வரம்பு வேறு இடத்தில் இருக்கிறது. அலிபிரிச் சோதனைச் சாவடியில் வண்டிக்கு நேரம் குறிக்கிறார்கள். ஏறுவதற்கு 28 நிமிடத்துக்கும் குறைவாக எடுத்தாலோ, இறங்குவதற்கு 40 நிமிடத்துக்கும் குறைவாக எடுத்தாலோ வேகமாக ஓட்டியதாக அர்த்தம், அபராதம் உண்டு. நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரம் சாலையே மூடிவிடும். எத்தனை டாக்சி இருந்தாலும் ஒரு நாளில் ஒருவர் எத்தனை நடை அடிக்க முடியும் என்பதை ஆணையம் தீர்மானிப்பதில்லை, மலை தீர்மானிக்கிறது. இந்த வரம்பை யாரும் விலைக்கு வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது.

2022 ஏப்ரல் 4ஆம் தேதி சித்தூர் மாவட்டமே பிரிந்தது. திருப்பதி தனி மாவட்டம் ஆனது. AP 03 என்று தொடங்கும் பழைய சித்தூர் எண்கள் இன்னும் ஓடுகின்றன. அவை எங்கே வரிசை கட்டி நிற்கின்றன என்று பார்த்தால், திருப்பதி ரயில்வே ஸ்டேஷனின் வாசலில். மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து, டேஷ்போர்டுப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையில் மடித்த பர்மிட். மோட்டாரிடமிருந்து ரயிலைக் காப்பாற்ற 1939இல் பெற்றெடுத்த காகிதம் அது. இன்று அதை வைத்திருப்பவர் நாள் முழுவதும் காத்திருப்பது ரயிலுக்காக. சென்னையிலிருந்து வரும் வண்டி தாமதமானால் திருச்சானூர், காளஹஸ்தி, காணிப்பாக்கம் என்று பேசிவைத்த சவாரியெல்லாம் தள்ளிப்போகிறது. போட்டியாளர் என்று குற்றம் சாட்டப்பட்டவர் இப்போது ரயில் நேரத்தைத் தலைமை ஸ்டேஷன் மாஸ்டரைவிடத் துல்லியமாகச் சொல்கிறார்.

அதே வாசலில் 2018க்குப் பிறகு இன்னொரு வண்டி வந்து நிற்கிறது. அந்த ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது: பேட்டரியில் ஓடும் வாடகை வண்டிகளுக்கு பர்மிட்டே தேவையில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க, பெயர் மாற்ற, எதிர்க்கையெழுத்து வாங்க என்று எண்பது ஆண்டுகள் அலைந்த காகிதம் ஒரு வரியில் போயிற்று. டீசல் டாக்சிக்காரர் பர்மிட்டோடு நிற்கிறார், சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நின்ற பேட்டரி ஆட்டோக்காரர் அது இல்லாமலே நிற்கிறார். சவாரி யாருக்கு என்ற சண்டை பிளாட்பாரத்திலிருந்து ஜனம் வெளியே வந்ததும் தொடங்கும். பேட்டரி வண்டிகள் அதிகமாகிவிட்டன, அரசு ஏதாவது செய்ய வேண்டும் என்ற முணுமுணுப்பு பல ஊர்களில் ஏற்கெனவே கேட்கத் தொடங்கிவிட்டது.